அணியை நடத்துபவர்களுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?



2023ஆம் ஆண்டு இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட் போட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி கோப்பையை வென்றது. "அணி நிர்வாகம் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று தெருவுக்குத் தெரு பேசிக்கொண்டார்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து, 2025இல், அதே அணி 14 ஆட்டங்களில் 4இல் மட்டுமே வென்று, பத்து அணிகளில் பத்தாவது இடத்தைப் பிடித்தது. "நிர்வாகம் சரியில்லை; எல்லாரையும் மாற்ற வேண்டும்" என்றார்கள் அதே மக்கள். இரண்டு ஆண்டுகளிலும் பயிற்சியாளர் அதே ஸ்டீஃபன் பிளெமிங் தான். அப்படியானால் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் நிர்வாகத்தின் அறிவு குறைந்துபோய்விட்டதா?

அணியை நடத்துபவர்கள் ஆடுகளத்தில் இறங்குவதில்லை. எந்த வீரரை என்ன விலைக்கு வாங்குவது, யாரை விடுவிப்பது, யாரைப் பயிற்சியாளராக அமர்த்துவது, இருக்கும் பணத்தை எப்படிப் பங்கிடுவது ஆகியவையே அவர்கள் வேலை. மட்டையாளருக்கு ஓட்டக் கணக்கு உண்டு. பந்து வீச்சாளருக்கு விக்கெட் கணக்கு உண்டு. நாற்காலியில் அமர்ந்து தீர்மானிப்பவர்களுக்கோ ஸ்கோர் பலகை கிடையாது. அவர்களுக்கு மதிப்பெண் போடுவது எப்படி? இதற்கு விடை தேட முதலில் ஆம்பூர்ப் பக்கம் போய் வருவோம்.

ஆம்பூரில் ஒரு கணக்கு

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் காலணித் தொழிலுக்கும் பெயர் பெற்றவை. இங்குள்ள தொழிற்சாலைகளுக்குப் பச்சைத் தோல் உப்பிடப்பட்டு, ரோமத்தோடு வந்து சேரும். வாங்குபவர் தடவிப் பார்ப்பார், எடை பார்ப்பார், கழுத்தையும் முதுகையும் விரித்துப் பார்ப்பார். ஆனால் உண்ணி கடித்த புள்ளிகளும், அம்மைத் தழும்பும், முள்கம்பி கீறிய கோடும் ரோமத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, ரோமம் நீக்கி, சதை சீவி, குரோமியம் உப்பில் பதனிட்டு, ஈரமான நீல நிறத் தோலாக எடுக்கும்போதுதான் அதன் உண்மை முகம் தெரியும். இந்த நிலையைத் தொழிலில் 'வெட் புளூ' என்பார்கள். அப்போது தரம் பிரிப்பார்கள். முதல் தரம் நல்ல விலைக்குப் போகும். கீழ்த்தரத்தை மெருகேற்றி வேறு பயன்களுக்கு அனுப்ப வேண்டும்.

ஆகவே தோல் வாங்குபவர் முழு விவரமும் தெரியாமலே பணத்தைக் கொடுக்கிறார். தெரிந்ததை வைத்துத் தெரியாததை ஊகிக்கிறார். ஏலத்தில் வீரர்களை வாங்கும் நிர்வாகமும் இதைத்தானே செய்கிறது?

இப்போது ஒரு கணக்கு. எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல. முதலாமவர் ஒரு தோல் 200 ரூபாய் வீதம் 100 தோல்கள் வாங்குகிறார். அவற்றில் 60 முதல் தரம், 40 இரண்டாம் தரம். இரண்டாமவர் ஒரு தோல் 120 ரூபாய் வீதம் 100 தோல்கள் வாங்குகிறார். 35 முதல் தரம், 65 இரண்டாம் தரம். முதல் தரம் 400 ரூபாய்க்கும், இரண்டாம் தரம் 150 ரூபாய்க்கும் விற்கும். பதனிடும் செலவு தோலுக்கு 50 ரூபாய்.

முதலாமவருக்கு வரவு 24,000 + 6,000 = 30,000 ரூபாய். செலவு 20,000 + 5,000 = 25,000. மிச்சம் 5,000 ரூபாய்.

இரண்டாமவருக்கு வரவு 14,000 + 9,750 = 23,750 ரூபாய். செலவு 12,000 + 5,000 = 17,000. மிச்சம் 6,750 ரூபாய்.

நல்ல தோல் அதிகம் கிடைத்தது முதலாமவருக்கு. ஆனால் திறமையாக வாங்கியவர் இரண்டாமவர். கிடைத்ததை மட்டும் எண்ணினால் இது தெரியாது. கொடுத்ததையும் சேர்த்து எண்ண வேண்டும். நமது முதல் அளவுகோல் கிடைத்துவிட்டது.

முதல் அளவுகோல்: கையில் இருந்தது எவ்வளவு?

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு உண்டு. அங்கே பெரிய அணிகள் பருவம் ஒன்றுக்குச் சுமார் 162 ஆட்டங்கள் ஆடும். 2002ஆம் ஆண்டு நியூயார்க் யாங்கீஸ் அணி தன் வீரர்களுக்குச் சம்பளமாகக் கொடுத்தது சுமார் 12½ கோடி டாலர். ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் அணி கொடுத்தது சுமார் 4 கோடி டாலர். பருவ முடிவில் இரண்டு அணிகளுமே 103 ஆட்டங்களில் வென்றிருந்தன!

வெற்றியை மட்டும் எண்ணினால் இரண்டு நிர்வாகங்களும் சமம். செலவையும் சேர்த்தால் ஓக்லண்டின் பொது மேலாளர் பில்லி பீன் எங்கோ உயரத்தில் நிற்கிறார். அவர் செய்தது என்ன? நம் கணக்கில் வரும் இரண்டாமவர் செய்ததைத்தான். எல்லாரும் பாராட்டிய குணங்களுக்கு விலை ஏறிக் கிடந்தது. அடித்து ஆடாமல், பொறுமையாக நின்று, எதிராளி எல்லைக்கு வெளியே வீசும் பந்துகளை விட்டுவிட்டு முதல் தளத்தை அடையும் ஆட்டக்காரர்களுக்கு விலை குறைவாக இருந்தது. ஆனால் ஓட்டங்கள் சேருவதற்கு அந்தப் பொறுமை பெரிதும் உதவுவதைப் புள்ளிவிவரம் காட்டியது. அவர் அத்தகைய வீரர்களை வாங்கினார்.

நம் ஐ.பி.எல். போட்டியில் இந்த அளவுகோல் வேறு விதமாக வேலை செய்கிறது. இங்கே ஒவ்வோர் அணிக்கும் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 2008ஆம் ஆண்டின் முதல் ஏலத்தில் அது 50 லட்சம் டாலர். 2023இல் 95 கோடி ரூபாய். 2025ஆம் ஆண்டுப் போட்டிக்கு 120 கோடி ரூபாய். எல்லாரும் ஏறக்குறைய ஒரே தொகையுடன் ஏலத்துக்கு வருவதால், அணிகளுக்கு இடையே தெரியும் வேற்றுமைக்குப் பணத்தைக் காரணமாகக் காட்ட முடியாது. அப்படியானால் மிஞ்சுவது நிர்வாகத் திறமை தானே? அவசரப்படாதீர்கள். இன்னொருவரும் இருக்கிறார். அவர் பெயர் அதிர்ஷ்டம்.

இரண்டாம் அளவுகோல்: அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு?

ஒரு நாணயத்தை எடுத்து 14 முறை சுண்டுங்கள். தலை விழுந்தால் வெற்றி, பூ விழுந்தால் தோல்வி. ஓர் ஐ.பி.எல். அணி லீக் சுற்றில் ஆடுவதும் 14 ஆட்டங்களே. சராசரியாக 7 வெற்றி வர வேண்டும். ஆனால் சரியாக 7 வருவது நூற்றுக்கு 21 தடவைதான்.

14 முறை சுண்டினால் 2இன் 14ஆம் அடுக்கு, அதாவது 16,384 வகையான வரிசைகள் வரக்கூடும். இவற்றுள் 9 அல்லது அதற்கு மேல் தலை உள்ளவை 3,473. அதாவது நூற்றுக்கு 21. நான்கு அல்லது அதற்குக் குறைவாகத் தலை உள்ளவை 1,471. அதாவது நூற்றுக்கு 9. எஞ்சியவற்றில் 5 முதல் 8 வரை தலை விழும்.

இதன் பொருள் என்ன? திறமையில் கடுகளவும் வேற்றுமை இல்லாத பத்து அணிகளை ஆடவிடுவோம். அப்போதும் சராசரியாக இரண்டு அணிகள் 9 அல்லது அதற்கு மேல் வெல்லும். ஓர் அணி 4 அல்லது அதற்குக் கீழே இறங்கும். செய்தித்தாள்கள் முதல் இரண்டு அணிகளின் நிர்வாகத்தைப் புகழும். கடைசி அணியின் நிர்வாகத்தை இகழும். உண்மையில் அங்கே நடந்ததோ நாணயம் சுண்டியது மட்டுமே!

இது வெறும் கற்பனையல்ல. 2024 மே 18 அன்று பெங்களூரில் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூர் அணி 218 ஓட்டங்கள் எடுத்தது. சென்னை அணி தோற்றால்கூட, 201 ஓட்டங்களைத் தொட்டிருந்தால் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். அது எடுத்தது 191. இரண்டு அணிகளும் 7 வெற்றி, 14 புள்ளி என்று சமமாக நின்றன. நிகர ஓட்ட விகிதம் பெங்களூருக்கு 0.459, சென்னைக்கு 0.392. பத்து ஓட்டங்கள்! இரண்டு சிக்சர்களுக்கும் குறைவு. அந்தப் பத்து ஓட்டங்கள் கிடைத்திருந்தால் "சென்னை மீண்டும் சாதித்தது" என்று எழுதியிருப்பார்கள். கிடைக்காததால் "சென்னை சறுக்கியது" என்று எழுதினார்கள். அந்தப் பத்து ஓட்டங்களால் நிர்வாகத்தின் திறமை மாறிவிடுமா?

2023 இறுதி ஆட்டமும் அப்படித்தான். மழையால் 15 ஓவராகக் குறைக்கப்பட்டு, 171 ஓட்டங்கள் இலக்காக வைக்கப்பட்ட அந்த ஆட்டத்தில், கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவைப்பட்டன. ரவீந்திர ஜடேஜா ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். கடைசிப் பந்து மட்டையில் படாமல் போயிருந்தால் கோப்பை குஜராத்துக்குப் போயிருக்கும். ஏலத்தில் உட்கார்ந்தவர்களோ அப்போதும் அதே ஆட்கள். அவர்கள் வாங்கிய வீரர்களும் அதே பதினொருவர்.

அதனால்தான் புள்ளிவிவர அறிஞர்கள் வெற்றிகளின் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. எவ்வளவு வித்தியாசத்தில் வென்றார்கள், தோற்றார்கள் என்பதையும் பார்க்கிறார்கள். பேஸ்பாலுக்கு பில் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர் எளிய சூத்திரம் ஒன்று தந்தார். அணி எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் கொடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். பருவத்தில் 800 ஓட்டங்கள் எடுத்து 700 கொடுத்த அணிக்கு இது 6,40,000 ÷ 11,30,000, அதாவது 0.566. இதை 162ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 92 வெற்றி. அந்த அணி உண்மையில் 99 ஆட்டங்களில் வென்றிருந்தால், கூடுதலான ஏழு வெற்றிகளில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்று சந்தேகிக்கலாம். அடுத்த ஆண்டு அவற்றை நம்பி இருக்க முடியாது.

மூன்றாம் அளவுகோல்: தீர்மானம் வேறு, விளைவு வேறு

தமிழில் 'முடிவு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. "அவரை வாங்குவது என்று முடிவு எடுத்தார்கள்" என்கிறோம். "ஆட்டத்தின் முடிவு என்ன?" என்றும் கேட்கிறோம். ஒன்று தீர்மானம், மற்றது விளைவு. ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதாலோ என்னவோ, இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். நிர்வாகத்தை மதிப்பிடும்போது இவற்றைப் பிரித்தே ஆக வேண்டும்.

2022 டிசம்பரில் நடந்த ஏலத்தில் சென்னை அணி இங்கிலாந்து வீரர் பென் ஸ்டோக்ஸை 16.25 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதே ஏலத்தில் அஜிங்க்ய ரஹானேயை வெறும் 50 லட்சத்துக்கு வாங்கியது. ஸ்டோக்ஸ் 2 ஆட்டங்கள் ஆடி 15 ஓட்டங்கள் எடுத்தார். காயம் காரணமாகப் பிறகு களமிறங்க முடியவில்லை. ரஹானே 14 ஆட்டங்களில் 326 ஓட்டங்கள் எடுத்தார். அதுவும் 100 பந்துக்கு 172 என்ற வேகத்தில். அணி கோப்பையை வென்றது.

கோப்பையைப் பார்த்து "எல்லாத் தீர்மானங்களும் சரி" என்று சொன்னால் ஸ்டோக்ஸ் விஷயம் மறைந்துபோகும். "ஸ்டோக்ஸை வாங்கியது மடத்தனம்" என்று சொன்னால் அதுவும் நியாயம் ஆகாது. ஏலத்தன்று தெரிந்திருந்தது என்ன என்றே கேட்க வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில்தான் அவர் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் நின்று இங்கிலாந்தை வெல்லவைத்திருந்தார். அதே ஆண்டு ஜூலையில், மூன்று வகை ஆட்டங்களையும் உடல் தாங்காது என்று சொல்லி ஒருநாள் ஆட்டங்களிலிருந்து விலகியிருந்தார். திறமையும் தெரிந்தது, ஆபத்தும் தெரிந்தது. இரண்டையும் எடைபோட்டு 16.25 கோடி தகுமா என்பதே கேள்வி. அவர் ஆடினாரா இல்லையா என்பது அதன் பிறகு வந்த செய்தி. தோலின் ரோமத்துக்கு அடியில் இருந்த தழும்பு போல.

ரஹானே விஷயத்தையும் இப்படியே சோதிக்க வேண்டும். மறு ஆண்டு, 2024இல், அவர் 13 ஆட்டங்களில் 242 ஓட்டங்கள் எடுத்தார். வேகம் 100 பந்துக்கு 123. முதல் ஆண்டின் சாதனையில் நிர்வாகத்தின் கூர்மையும் இருந்தது. அந்தப் பருவத்தின் நல்ல நேரமும் இருந்தது. மிக உயர்ந்த எண்ணுக்குப் பின் சாதாரண எண் வருவதைப் புள்ளியியலில் 'சராசரிக்குத் திரும்புதல்' என்பார்கள். நூற்றுக்கு 98 வாங்கியவர் அடுத்த தேர்வில் 90 வாங்குவது சோம்பலால் மட்டும் அல்ல. 98இல் சிறிது நல்வாய்ப்பும் கலந்திருந்ததால்தான்.

இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள். 2021இல் சென்னை அணி கிருஷ்ணப்பா கௌதமை 9.25 கோடிக்கு வாங்கியது. அந்தப் பருவத்தில் அவர் ஓர் ஆட்டத்திலும் ஆடவில்லை. அணியோ கோப்பையை வென்றது. மாறாக, கடைசி இடத்துக்கு வந்த 2025இல், 10 கோடிக்கு வாங்கிய நூர் அகமது 24 விக்கெட்டுகள் வீழ்த்தினார். வென்ற ஆண்டிலும் வீண் செலவு உண்டு. தோற்ற ஆண்டிலும் நல்ல தீர்மானம் உண்டு. ஒரு தொகுதித் தோலில் நல்லதும் கெட்டதும் கலந்தே வருவது போலத்தான் இதுவும்.

நான்காம் அளவுகோல்: நீண்ட கணக்கு

ஒரு தொகுதித் தோலை வைத்துக் கொள்முதல் செய்பவரை யாரும் வேலையை விட்டு அனுப்புவதில்லை. பத்து, இருபது தொகுதிகளைப் பார்த்த பின்பே "இவர் கை ராசியான கை" அல்லது "இவருக்குக் கண் போதாது" என்பார்கள். ஆட்டங்கள் பெருகப் பெருக அதிர்ஷ்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும், திறமை தங்கும்.

சென்னை அணியின் நீண்ட கணக்கைப் பார்ப்போமா? 2008 முதல் 2025 வரை அது 16 பருவங்கள் ஆடியது. அவற்றில் 10 முறை இறுதி ஆட்டத்துக்கு வந்தது. 5 முறை கோப்பை வென்றது. எட்டு அணிகள் சமமாக இருந்தால் இறுதி ஆட்டத்துக்கு வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 16 பருவங்களில் 4 முறை வந்திருக்க வேண்டும். வெறும் அதிர்ஷ்டத்தால் ஓர் அணி 10 முறை வருவதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டால் ஆயிரத்தில் இரண்டுகூட இல்லை. சில ஆண்டுகளில் எட்டுக்கு மேற்பட்ட அணிகள் ஆடியதால் உண்மையான வாய்ப்பு இன்னும் குறைவு. ஆகவே இங்கே திறமை இருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

ஆனால் யாருடைய திறமை? நிர்வாகத்தினுடையதா, நெடுங்காலம் தலைவராக இருந்த மகேந்திர சிங் தோனியுடையதா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. 2016, 2017 ஆண்டுகளில் சென்னை அணி போட்டியில் இல்லை. தோனி புனே அணிக்கு ஆடினார். 2016இல் அவர் தலைமையில் புனே அணி எட்டு அணிகளில் ஏழாவதாக வந்தது. தலைவர் ஒருவரே எல்லாம் அல்ல என்பதற்கு இது ஒரு குறிப்பு. எனினும் ஒரே பருவம், 14 ஆட்டங்கள். நாணயக் கணக்கை மறந்துவிடாதீர்கள்! இது குறிப்புதான், நிரூபணம் அல்ல. மேலும், தோனியை 2008 ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு, அதாவது கையிலிருந்த பணத்தில் பத்தில் மூன்று பங்குக்கு, வாங்கத் துணிந்ததும் நிர்வாகத்தின் தீர்மானம்தானே?

சென்னை அணி ஏன் அந்த இரண்டு ஆண்டுகள் ஆடவில்லை? அணியோடு தொடர்புடைய ஒருவர் பந்தயச் சூதில் ஈடுபட்டதை அடுத்து, 2015 ஜூலையில் லோதா குழு அணியை இரண்டு ஆண்டுகள் இடைநீக்கம் செய்தது. இதுவும் நிர்வாகத்தின் மதிப்பெண் பட்டியலில் ஏற வேண்டிய வரியே. ஓட்டமும் விக்கெட்டும் மட்டுமே கணக்கு என்று நினைப்பவர்கள் இந்த வரியை விட்டுவிடுவார்கள்.

நீண்ட கணக்கு, கோப்பை மறைத்த ஒன்றையும் காட்டுகிறது. 2022 முதல் 2025 வரை நான்கு பருவங்களில் லீக் சுற்றில் சென்னையின் வெற்றிகள் முறையே 4, 8, 7, 4. முடிவு கண்ட 55 ஆட்டங்களில் 23 வெற்றி. பாதிக்கும் குறைவு! நடுவில் ஒரு கோப்பை இருப்பதால் இது கண்ணில் படவில்லை. சமமான அணி ஒன்றுக்கு 27 அல்லது 28 வர வேண்டும். 23 என்பது அதிர்ஷ்டக் குறைவாலும் நிகழக்கூடியதே. எனவே "நிர்வாகம் கெட்டுவிட்டது" என்று தீர்ப்புச் சொல்ல இது போதாது. "கவனித்துப் பார்க்க வேண்டும்" என்று சொல்லப் போதும். சரியான மதிப்பீடு பல சமயம் இப்படித்தான் அடக்கமாக இருக்கும்.

பாலாற்றங்கரையிலும் இதே அளவுகோல்

இதெல்லாம் விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு என்று கேட்கிறீர்களா? நல்லது. மறுபடியும் தோல் ஊர்களுக்கே வருவோம்.

நல்ல தீர்மானத்தை மோசமான அதிர்ஷ்டம் கெடுப்பதுபோல, மோசமான தீர்மானத்தை நல்ல அதிர்ஷ்டம் மூடி மறைப்பதும் உண்டு. இதுவே மிக ஆபத்தானது. தோல் பதனிடும்போது வெளியேறும் கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் இருந்த அத்தகைய நிலையம் ஒன்றில், 2015 ஜனவரி 31 அதிகாலையில், கழிவுச் சேறு தேக்கிவைத்த தொட்டியின் சுவர் உடைந்தது. சேறு பாய்ந்து பக்கத்துத் தொழிற்சாலைக்குள் புகுந்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் மாண்டார்கள்.

ஜனவரி 30ஆம் நாள் ஒருவர் அந்த நிலையத்துக்கு விளைவை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்? "சுவர் நிற்கிறது, விபத்து இல்லை, நன்று" என்றுதானே? முந்தைய நாள்வரை விபத்து நடக்கவில்லை என்பது, சுவர் உறுதியாக இருந்தது என்பதற்குச் சான்று ஆகாது. பார்க்க வேண்டியவை வேறு. தொட்டி எவ்வளவு தாங்கும்? உள்ளே எவ்வளவு இருக்கிறது? சுவரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? பக்கத்தில் மனிதர்கள் உறங்குகிறார்களா? இவை தீர்மானத்தை எடைபோடும் கேள்விகள். விளைவு வருவதற்கு முன்பே கேட்க முடிந்த கேள்விகள்.

சட்டமும் இதையே சொல்கிறது. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு ஏற்றது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்றால் என்ன? கேடு நடந்து முடியும்வரை காத்திருக்காமல், நடக்கக்கூடும் என்று தெரிந்தபோதே தடுக்க வேண்டும் என்பது. நமது மூன்றாம் அளவுகோலும் இதுவேதான். கிரிக்கெட்டில் இதைத் தவறவிட்டால் ஒரு கோப்பை போகும். இங்கே தவறவிட்டால் கிணற்று நீர் போகும், உயிர் போகும்.

செய்து பாருங்கள்

1. வகுப்பில் பத்து பேர் ஆளுக்கொரு நாணயம் எடுத்து 14 முறை சுண்டுங்கள். பத்து 'அணிகளின்' வெற்றிப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதுங்கள். முதலிடம் பெற்றவரிடம் "உங்கள் வெற்றியின் இரகசியம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள்! பிறகு மீண்டும் ஒருமுறை சுண்டுங்கள். அதே ஆள் முதலிடத்தில் இருக்கிறாரா?

2. உங்கள் பள்ளி அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று, ஒவ்வொருவரையும் ஏன் எடுத்தோம் என்று ஒரு குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி, தேதியிட்டு வையுங்கள். பருவ முடிவில் அதைப் படியுங்கள். நடந்து முடிந்த பிறகு "எனக்கு முன்பே தெரியும்" என்று சொல்வது எல்லாருக்கும் எளிது. எழுதிவைத்த வரி பொய் சொல்லாது.

3. நம் கணக்கில் இரண்டாமவருக்கு 35க்குப் பதில் எத்தனை முதல்தரத் தோல்கள் கிடைத்திருந்தால் இருவரின் மிச்சமும் சமமாக இருந்திருக்கும்? (விடை: 28.)

இனி எவரேனும் ஓர் அணியையோ, ஓர் ஆலையையோ, ஒரு சங்கத்தையோ நடத்துபவர்களைப் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கையில் இருந்தது எவ்வளவு? அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு? தீர்மானித்த அன்று தெரிந்திருந்தது என்ன? எத்தனை முறை நடந்ததைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? இந்த நான்குக்கும் விடை கிடைத்த பிறகு மதிப்பெண் போடுங்கள்.